நெப்டியூனுக்கு அப்பால்: நகரும் புள்ளியிலிருந்து ஓர் உலகை அறிவது எப்படி?

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவை, அதாவது சுமார் 15 கோடி கிலோமீட்டரை, வானியலாளர்கள் ஒரு வானியல் அலகு என்று கொள்கிறார்கள். இந்தக் கணக்கில் நெப்டியூன் 30 அலகுத் தொலைவில் சூரியனைச் சுற்றுகிறது. அதற்கு வெளியே, ஏறத்தாழ 50 அலகு வரை, உறைந்த நீரும் மீத்தேனும் கரிமச் சேர்மங்களும் பாறைத் தூளும் கலந்த எண்ணற்ற சிறு பொருள்கள் ஒரு பரந்த வளையமாகச் சுற்றி வருகின்றன. இந்த வளையத்துக்குக் கைப்பர் பட்டை என்று பெயர். புளூட்டோ இதன் மிகப் புகழ்பெற்ற உறுப்பினர். பட்டைக்கும் அப்பால், பல நூறு அலகுகள் வரை நீளும் பாதைகளில் செல்லும் பனிப்பொருள்களும் உண்டு.

இவற்றைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் மிகப் பெரும்பகுதி கடந்த முப்பத்து சொச்சம் ஆண்டுகளில் கிடைத்தது. அவ்வளவு தாமதமானதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. இந்தப் பொருள்கள் தாமாக ஒளிர்வதில்லை. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவே. தொலைவு இரு மடங்கானால் அவற்றின் மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அங்கிருந்து திரும்பி நம்மிடம் வந்து சேர்வதற்குள் அது மறுபடியும் நான்கில் ஒரு பங்காகிறது. ஆக, இரு மடங்குத் தொலைவுக்குப் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். தொலைவு பத்து மடங்கானால் மிஞ்சுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இருந்தால் சிறு தொலைநோக்கியிலேயே தெரியக்கூடிய நூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பொருள், நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும்போது பெரிய தொலைநோக்கிக்கே மிக மங்கலாகிவிடுவது இதனால்தான்.

மங்கலான பொருளைப் படம் பிடித்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. ஒரே படத்தில் பல்லாயிரம் விண்மீன்கள் புள்ளிகளாக விழும். பனிப்பொருளும் அவற்றைப் போலவே ஒரு புள்ளிதான். அதைக் காட்டிக்கொடுப்பது அதன் நகர்வு. ஓடும் ரயிலின் சன்னலிலிருந்து பார்த்தால் தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பங்கள் சட்டென்று பின்னே ஓடுகின்றன, தொலைவில் உள்ள குன்றோ மெல்ல மெல்லத்தான் விலகுகிறது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் உள்ள வானத்தைப் பார்க்கும்போது, அங்குள்ள சூரியக் குடும்பப் பொருள்கள் பூமியின் இந்த ஓட்டத்தால் விண்மீன்களின் பின்னணியில் சற்றே பின்னோக்கி நகர்வதாகத் தெரியும். அருகில் இருப்பது வேகமாக நகரும், தொலைவில் இருப்பது மெதுவாக நகரும். எனவே ஒரு புள்ளி எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதை அளந்தாலே, அதன் தொலைவைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. முழுநிலவின் அகலம் சுமார் 1,800 வில்விநாடி. செவ்வாய்க்கு அப்பால் உள்ள ஒரு சாதாரணச் சிறுகோள், நான் சொன்ன எதிர்த்திசையில் இருக்கும்போது, மணிக்கு 35 வில்விநாடி அளவில் நகரும். 40 அலகுத் தொலைவில் உள்ள பனிப்பொருள் மணிக்கு சுமார் 3 வில்விநாடிதான் நகரும். அதே வேகத்தில் போனால் முழுநிலவின் அகலத்தைக் கடக்க அதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். இந்தத் துறையின் வேலை அனைத்தும் இந்த ஒரு சிறு நகர்வின் மேல் எழுப்பப்பட்டதுதான் என்று நான் கருதுகிறேன். தேடுவோர் சிலவற்றைக் கண்டதும் சிலவற்றைத் தவறவிட்டதும் அதனால்தான்.

புளூட்டோ கிடைத்ததும் இவ்வழியிலேயே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா என்ற இளைஞர் வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு கருவியில் வைத்து ஒப்பிட்டு வந்தார். விண்மீன்கள் அசையாமல் நிற்க, இடம் மாறிய பொருள் மட்டும் முன்னும் பின்னும் தாவுவதாகக் கண்ணுக்குத் தெரியும். 1930 ஜனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த தட்டுகளை ஒப்பிட்டபோது, பிப்ரவரி 18 அன்று அப்படித் தாவிய ஒரு புள்ளியை அவர் கண்டார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல், புளூட்டோவையும் 1978-இல் கண்டறியப்பட்ட அதன் துணைக்கோளான சாரனையும் தவிர, அந்தத் தொலைவில் வேறெதுவும் சிக்கவில்லை.

அங்கே வேறு பொருள்களும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் விட்டுப்போகவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த கென்னத் எட்ஜ்வொர்த் 1940-களிலும், ஜெரார்டு கைப்பர் 1951-இலும் இது குறித்து எழுதினார்கள். குறுகிய காலச் சுற்றுடைய வால்வெள்ளிகள் நெப்டியூனுக்கு அப்பால் உள்ள ஒரு பட்டையிலிருந்தே வருகின்றன என்று உருகுவே நாட்டு வானியலாளர் ஹூலியோ ஃபெர்னாண்டஸ் 1980-இல் வாதிட்டார். வாதம் வலுவாக இருந்தும், பட்டையின் ஓர் உறுப்பினரையாவது கண்ணால் காண வேண்டியிருந்தது.

டேவிட் ஜூவிட்டும், சிறுமியாக வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்காவுக்கு வந்த ஜேன் லூவும் 1987-இல் தேடலைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் பயன்படுத்தியவற்றுள் டோம்பா காலத்து முறையான ஒளிப்படத் தட்டுகளும் இருந்தன. பின்னர் முழுவதும் மின்னணு ஒளியுணரிகளுக்கு மாறினார்கள். ஒளிப்படத் தட்டு தன்மீது விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே பதிவு செய்யும்; ஒளியுணரியோ பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தொடக்கத்தில் அந்த உணரிகள் மிகச் சிறியவையாக இருந்ததால் ஒரே படத்தில் வானத்தின் மிகக் குறுகிய துண்டே அடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு அவை பெரிதாகின.

1992 ஆகஸ்ட் 30 இரவு, ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியில் உள்ள 2.2 மீட்டர் தொலைநோக்கியில் அவர்கள் வானத்தின் ஒரு பகுதியை நான்கு முறை படமெடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். மூன்றாவது படம் பதிவாகிக் கொண்டிருக்கையில், முதல் இரண்டையும் கணினித் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தபோது ஒரு மங்கிய புள்ளி சற்றே இடம் மாறியது தெரிந்தது. இருவரும் பேச்சற்றுப் போனதாகப் பின்னர் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது படத்திலும் அது மேலும் நகர்ந்திருந்தது. ஆயினும் அவர்கள் உடனே முடிவுக்கு வரவில்லை. பூமிக்கு அருகில் உள்ள ஒரு சிறுகோள் பூமிக்கு இணையாகவே ஓடினால், அதுவும் இவ்வாறு மெதுவாக நகர்வதாகத் தோற்றமளிக்கக்கூடும். அடுத்தடுத்த இரவுகளின் அளவீடுகள் அந்த ஐயத்தை நீக்கின. பொருள் ஏறத்தாழ 41 அலகுத் தொலைவில் இருந்தது. அதற்கு 1992 கியூபி1 என்ற தற்காலிகக் குறியீடு தரப்பட்டது. 2018-இல் ஆல்பியன் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1993-இலேயே மேலும் பல பொருள்கள் கிடைக்கத் தொடங்கின. இன்று அவற்றின் எண்ணிக்கை சில ஆயிரம்.

ஒரு புள்ளி நகர்வதைக் கண்டுவிட்டால் பொருளைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. சூரியனைச் சுற்ற முந்நூறு ஆண்டு எடுக்கும் ஒன்றை ஓரிரு இரவு மட்டும் பார்த்தால், அதன் பாதையில் கடுகளவுதான் நமக்குத் தெரியும். அந்தக் கடுகளவுத் துண்டுடன் எத்தனையோ வேறுவேறு பாதைகள் பொருந்தும். எனவே அடுத்த மாதமும், அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதைத் தேடிப் பிடித்து இடத்தைக் குறிக்க வேண்டும். அப்படிப் பின்தொடராமல் விட்டதால் எங்கே போனது என்று தெரியாமலே தொலைந்துபோன பொருள்கள் பல உண்டு. இதற்கு ஓர் அருமையான உதவி பழைய படங்களிலிருந்து கிடைக்கிறது. பாதை ஓரளவு தெரிந்ததும், பல பத்தாண்டுகளுக்கு முன் அது எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, வேறு நோக்கத்துக்காக அப்போது எடுக்கப்பட்ட தட்டுகளில் தேடுவார்கள். 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஏரிஸ் இவ்வாறே 1954-ஆம் ஆண்டுப் படத்தில் கிடைத்தது. யாரும் கவனிக்காமல் அரை நூற்றாண்டு காத்திருந்த அந்தப் புள்ளியால், 560 ஆண்டு நீளும் அதன் சுற்றுப்பாதை துல்லியமாகத் தெரியவந்தது.

ஏரிஸின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் மைக் பிரவுன், சாட் டிருஹில்லோ, டேவிட் ரபினோவிட்ஸ் ஆகியோர் நடத்திய தேடலில், படங்களை முதலில் கணினி நிரல் ஒன்று சலித்தது. மிக மெதுவான நகர்வுகளை ஏற்றுக்கொண்டால் காற்றுமண்டலக் கலக்கத்தாலும் கருவிக் குறைகளாலும் எழும் பொய்ப்புள்ளிகள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் என்பதால், மணிக்கு 1.5 வில்விநாடிக்குக் குறைவாக நகரும் எதையும் அந்த நிரல் ஒதுக்கிவிட்டது. 2003 நவம்பரில் சுமார் 90 அலகுத் தொலைவில் செட்னா என்ற பொருள் அந்த எல்லையைச் சற்றே தாண்டிய வேகத்தில் சிக்கியதும், அதைவிடத் தொலைவில் உள்ளவற்றைத் தாங்கள் இழந்திருக்கலாம் என்று அவர்கள் உணர்ந்தார்கள். எல்லையைக் குறைத்து, பழைய படங்களை மீண்டும் சலித்து, மிஞ்சியவற்றைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 2003 அக்டோபரில் எடுத்த படங்களில் இருந்த ஏரிஸ், 2005 ஜனவரி 5 அன்று அவ்வாறுதான் வெளிப்பட்டது. அது அப்போது 97 அலகுத் தொலைவில் இருந்தது. புளூட்டோவின் அளவை ஒத்த இந்தப் பொருள் எழுப்பிய கேள்வியே, கோள் என்றால் என்ன என்று 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வரையறுக்கவும், புளூட்டோ குறுங்கோள் ஆகவும் வழிவகுத்தது.

அடுத்து, புள்ளியாக மட்டும் தெரியும் ஒன்றின் பருமனை எப்படி அறிவது? வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பளிச்சென்ற பனி படர்ந்த சிறிய பொருளும், கரிபோல் இருண்ட பெரிய பொருளும் ஒரே அளவு ஒளியை அனுப்பக்கூடும். ஒரு வழி வெப்பத்தை அளப்பது. இருண்ட பொருள் சூரிய ஒளியை உள்வாங்கிச் சற்றே வெதுவெதுப்பாகி, அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடும். எதிரொளிக்கும் ஒளி, வெளியிடும் வெப்பம் இரண்டையும் சேர்த்தால் பருமனும் மேற்பரப்பின் பளபளப்பும் கிடைத்துவிடும். ஸ்பிட்சர், ஹெர்ஷல் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் இவ்வழியில் பல பொருள்களை அளந்தன. துணைக்கோள் ஒன்று இருந்துவிட்டால் மேலும் நல்லது. அது சுற்றும் காலத்தையும் தொலைவையும் கொண்டு முதன்மைப் பொருளின் நிறையைக் கணக்கிடலாம். டிஸ்னோமியா என்ற தன் துணைக்கோளால்தான் ஏரிஸ், புளூட்டோவைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் நிறையுடையது என்று தெரிந்தது.

ஆனால் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் வழி விண்மீன் மறைப்பு. பனிப்பொருள் ஒரு விண்மீனுக்கு நேர் முன்னே கடந்து செல்லும்போது, அந்த விண்மீன் சில நொடிகள் அணைந்து மீண்டும் ஒளிரும். பொருளின் நிழல் பூமியின் மீது ஒரு பட்டையாக ஓடுகிறது. பட்டையின் அகலம் பொருளின் அகலமே. பட்டைக்குக் குறுக்கே பல இடங்களில் தொலைநோக்கிகளை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் விண்மீன் எத்தனை நேரம் மறைந்திருந்தது என்று அளந்தால், அந்த நேரங்கள் ஒவ்வொன்றும் பொருளின் குறுக்கே ஒரு கோடாகும். கோடுகளை அடுக்கினால் உருவமே கிடைத்துவிடும். 2010 நவம்பரில் சிலியிலிருந்து பார்க்கப்பட்ட ஒரு மறைப்பினால் ஏரிஸின் விட்டம் 2,326 கிலோமீட்டர் என்று தெரிந்தது. பின்னர் விண்கலம் நேரில் அளந்த புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர். அளவில் புளூட்டோ பெரியது, நிறையில் ஏரிஸ் பெரியது.

இந்த முறையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனின் அருகே கடந்தபோது, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த, கைப்பரின் பெயரையே தாங்கிய ஒரு வானூர்தி ஆய்வகமும் அதே போன்ற மங்கல்களைக் கண்டது. அவற்றுக்குக் காரணம் யுரேனஸைச் சுற்றி உள்ள மெல்லிய வளையங்கள். அதே உத்தி பல்லாண்டுகளுக்குப் பின் பனிப்பொருள்களிலும் வளையங்களைக் காட்டியது. 2017-இல் ஹௌமியாவைச் சுற்றி ஒரு வளையம் கண்டறியப்பட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட க்வாவரின் வளையம் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. அது க்வாவரின் ஆரத்தைப் போல் ஏழு மடங்குத் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தள்ளி இருக்கும் துகள்கள் காலப்போக்கில் ஒன்றுகூடித் துணைக்கோளாகத் திரண்டிருக்க வேண்டும் என்பதே அதுவரையிலான கணிப்பு.

மறைப்பு முறையின் உச்சம் என்று அரோக்கோத் என்ற சிறு பனிப்பொருளைச் சொல்லலாம். 2006-இல் ஏவப்பட்டு 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்துக்கு, அதன் பிறகு செல்வதற்கு ஓர் இலக்கு தேவைப்பட்டது. எஞ்சிய எரிபொருளில் எட்டக்கூடிய பொருளைத் தரையிலுள்ள பெரும் தொலைநோக்கிகளால் கண்டுபிடிக்க இயலவில்லை. 2014 ஜூனில் ஹப்பிள் தொலைநோக்கிதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. சூரியனிலிருந்து சுமார் 650 கோடி கிலோமீட்டர் தொலைவில், சென்னை மாநகரின் குறுக்களவை ஒத்த ஒரு சிறு பொருள். அதன் நிழல் எங்கே விழும் என்று, விண்மீன்களின் இடங்களை மிக நுட்பமாக அளந்த கயா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். 2017 ஜூன் மாத முயற்சியில் விண்மீன் எங்கும் மறையவில்லை. ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவின் கொமொதோரோ ரிவதாவியா நகரைச் சுற்றி, இருபதுக்கும் மேற்பட்ட தொலைநோக்கிகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பலத்த காற்று வீசும் ஊர் அது. தொலைநோக்கிகள் ஆடாமல் இருக்க உள்ளூர் மக்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறைப்புக் கட்டினார்கள், தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இவை அனைத்தும் ஓரிரு நொடிகூட நீடிக்காத ஒரு கண்சிமிட்டலுக்காக. ஐந்து தொலைநோக்கிகளில் அது பதிவாயிற்று. அந்த ஐந்து கோடுகளை அடுக்கியபோது, ஒன்றை ஒன்று ஒட்டிய இரு உருண்டைகள் போன்ற உருவம் தெரிந்தது.

2019 ஜனவரி 1 அன்று விண்கலம் 3,500 கிலோமீட்டர் தொலைவில் அரோக்கோத்தைக் கடந்தபோது அந்த உருவம் சரியென்று உறுதியாயிற்று. சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள, செந்நிறமான பொருள். மேற்பரப்பில் மெத்தனால் பனி. இரு பகுதிகளும் சேரும் கழுத்தில் மோதலின் சிதைவுகள் இல்லை. அவை மோதிக்கொள்ளவே இல்லை எனலாம். ஒன்றை ஒன்று சுற்றியபடியே நெருங்கி, மனிதர் நடக்கும் வேக அளவில் மெல்லத் தொட்டு ஒட்டியிருக்கின்றன. கோள்களின் விதைகள் வன்மையான மோதல்களால் உருவாயினவா, துகள் மேகங்கள் தம் ஈர்ப்பாலேயே மெல்லச் சுருங்கி உருவாயினவா என்ற நெடுநாள் விவாதத்தில், இந்த ஒரு பொருள் இரண்டாவது தரப்புக்குப் பெரும் வலுச் சேர்த்தது. நானூற்றைம்பது கோடி ஆண்டுகளாகச் சூரியனின் வெப்பமும் பெரிய மோதல்களும் தீண்டாத இடத்தில் அது இருந்ததால்தான் இந்தச் சாட்சியம் அழியாமல் நமக்குக் கிடைத்தது.

விண்கலம் போகாத இடங்களில் மேற்பரப்பின் வேதிப்பொருளை நிறமாலை சொல்கிறது. ஒவ்வொரு பனியும் சூரிய ஒளியில் தனக்குரிய சில அலைநீளங்களை விழுங்கிவிடும். ஏரிஸில் மீத்தேன் பனியும் ஹௌமியாவில் நீர்ப்பனியும் இவ்வாறே அறியப்பட்டன. பல பொருள்கள் சிவந்திருப்பதற்குக் காரணம், மீத்தேன், மெத்தனால் போன்றவற்றின் மீது நெடுங்காலம் கதிர்வீச்சு பட்டு உருவான சிக்கலான கரிமச் சேர்மங்கள். அண்மையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, மிக மங்கலான பொருள்களில்கூட கரியமில வாயுவின் பனி பரவலாக இருப்பதைக் காட்டியுள்ளது.

பொருள்களைத் தனித்தனியாக ஆராய்வது ஒருபுறம் இருக்க, அவற்றின் பாதைகளை மொத்தமாகப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. இதே தாளத்தில் சுற்றும் சிறு பொருள்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இத்தனை பொருள்கள் தற்செயலாக அங்கே வந்து சேர்ந்திருக்க முடியாது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ரேணு மல்ஹோத்ரா 1993-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தொடக்க காலத்தில் நெப்டியூன் சூரியனுக்கு இன்னும் அருகில் இருந்தது. தன் அருகே வந்த சிறு பொருள்களை உள்நோக்கி வீசி எறிய எறிய, தான் மெல்ல வெளிநோக்கி நகர்ந்தது. நகரும்போது தன் தாளத்துக்குள் சிக்கியவற்றை எல்லாம் தள்ளிக்கொண்டே போயிற்று. புளூட்டோவும் அவ்வாறு சிக்கியதுதான். பெருங்கோள்கள் இன்று இருக்கும் இடங்களில்தான் எப்போதும் இருந்தன என்ற பழைய எண்ணத்தை, அளவில் மிகச் சிறிய இந்தப் பொருள்கள் மாற்றிவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நமக்குக் கிடைத்திருக்கும் பட்டியல், அங்கே உள்ளவற்றின் நேர்மையான மாதிரி ஆகாது. செட்னா சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் எடுக்கிறது. அதன் பாதையில் நமக்கு மிக அருகில் உள்ள சிறு பகுதியில் இருக்கும்போது மட்டுமே அது கண்ணில் படும். அது சிக்கியதே, வரும் 2076-ஐ ஒட்டி அது சூரியனுக்கு மிக அருகில், 76 அலகுத் தொலைவில், வரவிருப்பதால்தான். அப்படியானால் தொலைதூரப் பகுதிகளில் இப்போது இருக்கும் செட்னா போன்ற பொருள்கள் எத்தனை எத்தனையோ நமக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். மேலும், கோடை மழையில் மூடிக்கிடக்கும் வானாய்வகம் அந்தப் பருவத்தில் உச்சிக்கு வரும் வானப் பகுதியைத் தேடியிருக்காது. பால்வெளியின் நெருக்கமான விண்மீன்களுக்கு இடையே மங்கலான புள்ளிகளைப் பிரித்தறிவதும் அரிது. எனவே பொருள்கள் ஒரு திசையில் குவிந்திருப்பதாகப் பட்டியலில் தெரிந்தால், அது வானத்தின் இயல்பா, நம் தேடலின் இயல்பா என்று முதலில் கேட்க வேண்டும். 2016-இல் கான்ஸ்டன்டின் பத்திகினும் மைக் பிரவுனும், மிகத் தொலைவில் செல்லும் சில பொருள்களின் பாதைகள் ஒரே பக்கம் திரண்டிருப்பதைச் சுட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய ஒன்பதாவது கோள் அவற்றை இழுத்திருக்கலாம் என்றார்கள். ஹவாயில் உள்ள கனடா–பிரான்ஸ்–ஹவாய் தொலைநோக்கியில் 800-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கண்டறிந்த மற்றொரு குழு, தான் எங்கே, எப்போது, எவ்வளவு மங்கல் வரை தேடியது என்பதைக் கவனமாகப் பதிவு செய்திருந்தது. அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது தன் பொருள்களில் அத்தகைய திரட்சிக்குச் சான்று இல்லை என்று கூறியது. எத்தனை பொருள்களைக் கண்டோம் என்பதற்கு இணையாக, எங்கே தேடியும் காணவில்லை என்பதையும் எழுதி வைத்த அந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்த விவாதத்தைத் தீர்க்கும் அளவுக்குத் தரவுகளைத் தரக்கூடியது சிலி நாட்டின் பச்சோன் மலையில் அமைந்துள்ள வேரா ரூபின் வானாய்வகம். 8.4 மீட்டர் ஆடியும் 320 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட கேமராவும் உடைய அதன் முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியிடப்பட்டன. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பத்தாண்டு காலம் படமெடுப்பது அதன் திட்டம். ஒரே கருவி, ஒரே முறை, ஒரே அளவுகோல் என்பதால், எதைக் காணும், எதைத் தவறவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நெப்டியூனுக்கு அப்பால் இப்போது தெரிந்தவற்றைப் போல் பல மடங்குப் பொருள்களை அது கண்டறியும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வருவதால், அவற்றைப் பின்தொடர்ந்து பாதை கணிக்கும் வேலையும் பெரும்பாலும் அந்தத் தேடலுக்குள்ளேயே முடிந்துவிடும்.